சிவப்புக் கட்டைக்கு அப்பால்

யசிந்தா நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பாள். சந்தையில், கோயில் முற்றத்தில், கலியாண வீட்டில், எங்கே என்றாலும் அவள் கண் காலடிக்கு ஒரு முழம் முன்னால் நிற்கும். தெரியாதவர்கள் அவளை வெட்கக்காரி என்று நினைப்பார்கள். ஆனால் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய் தாண்டியுள்ள அந்தச் சின்னக் கரையூரில், அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அங்கிருந்து மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போன பெண் அவள் ஒருத்திதான்.

போர் முடிந்தபின் பெருநிலத்தில் கிடைத்த வேலை அது. முகத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டி, மார்புக்குக் கனத்த கவசம். வெயிலில் முழங்காலில் இருந்து ஒரு சாண் நிலத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். அது முடிந்தால் அடுத்த சாண். பக்கத்துப் பாதையில் சிவராணி என்றொருத்தி வேலை செய்தாள். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். எந்நேரமும் ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடிதான் இருப்பாள். ஒருநாள் அந்தப் பாட்டு நடுவில் நின்றது. சத்தம் அதற்குப் பிறகு கேட்டதாகத்தான் யசிந்தாவுக்கு ஞாபகம். சிவராணி உயிர் தப்பினாள். வலது கை போய்விட்டது.

மறுநாளும் யசிந்தா வேலைக்குப் போனாள். கணவன் மில்ரனின் வள்ளம் அப்போது பழுதாகிக் கரையில் கிடந்தது. மகள் றொஷேல் கைக்குழந்தை. போகாமல் என்ன செய்வது? ஆனால் அன்று உடம்பில் ஏறிய பயம், வேலையை விட்டு ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் இறங்கவில்லை. கதவு பலமாகச் சாத்தினால் இன்னும் குந்திவிடுவாள்.

அந்த வேலை அவள் மண்டையில் பதித்த முதல் பாடம் நிறம் பற்றியது. சிவப்புத் தலைக் கட்டை நட்டிருந்தால் உள்ளே வெடி இருக்கிறது. வெள்ளைத் தலை என்றால் துப்புரவான நிலம். இதை அவள் மட்டுமல்ல, வடக்கில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் அறிவார்கள். பள்ளிக்கூடச் சுவர்களில் படம் போட்டுப் படிப்பித்த பாடம்.

அதனால்தான் மாரி முடிந்த ஒரு காலையில் ஊருக்குப் பின்னாலிருந்த பனங்காணியில் சிவப்புத் தலைக் கட்டைகளைக் கண்டதும் ஊர் அப்படியே நின்றுவிட்டது.

முதல்நாள் வெள்ளை நிறப் பிக்கப் ஒன்று வந்துபோனதைப் பலர் கண்டிருந்தார்கள். தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரன் ஒருவன், கூட நாலைந்து பேர். அதில் ஒருவன் நீளக் கோல் போன்ற கருவியைத் தரைக்கு மேலே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியபடி மெதுவாக நடந்தான். காணியின் ஓரத்தில் பழைய நேவிக் காவலரண் ஒன்று பாதி மணலில் புதைந்து கிடந்தது. இதெல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறென்ன நினைப்பது?

மாதா கோயில் மூப்பர் வலன்ரைன் யசிந்தாவைக் கூப்பிட்டனுப்பினார். பூசை ஒழுங்குகளும் ஊர்க் காரியங்களும் அவர் கையில்தான்.

"நீ பாத்துச் சொல்லு பிள்ளை. இது அதுதானோ?"

அவள் ரோட்டோரத்தில் நின்று பார்த்தாள். கட்டைகள் ஒரே இடைவெளியில், நேர்நேராகப் பனைகளுக்கிடையே போய் மறைந்தன. மண்டையோட்டுப் பலகை இல்லை. பலகை பிறகு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதையுங்கோ மூப்பர். ஆட்டைக்கூட."

அன்று மட்டும் காவலுக்கு நின்ற வெளியூர்ப் பெடியனிடம் மூப்பர் விசாரித்தார். ஆய்வு நடக்கிறது, உள்ளே போவது ஆபத்து என்றான் அவன். அந்த ஆபத்து என்ற சொல்லோடு விசாரணை முடிந்தது. ஞாயிறு பூசைக்குப் பிறகு மூப்பர் அறிவித்தார். அதன்பிறகு வேலியே இல்லாத அந்தக் காணிக்குள் ஒரு குழந்தைகூடக் கால் வைக்கவில்லை.

காணிக்குள்தான் ஊரின் நல்லதண்ணித் துரவு இருந்தது. துரவு என்றால் கட்டாத கிணறு, மணலில் இடுப்பளவு தோண்டிய அகலக் குழி. அந்தத் தீவில் மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலே மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. இடுப்பளவோடு நிறுத்தினால் தேன். ஆசைப்பட்டு ஆழம் தோண்டினால் கடல் வந்துவிடும். ஊர் அந்த அளவை மீறியதில்லை. இப்போது துரவுக்கே போகமுடியவில்லை. மன்னார்ப் பக்கமிருந்து முனவ்வர் என்ற வியாபாரி தன் பவுசரில், தாங்கி பூட்டிய லொறியில், தண்ணி கொண்டுவரத் தொடங்கினார். வாளி வாளியாகச் சனம் வரிசையில் நின்றது.

வரிசையில் நிற்கும்போது யசிந்தாவுக்குக் காணியைப் பார்க்காமல் இருக்கமுடியாது. பார்த்தால் கழுதைகள்தான் தெரிந்தன.

மன்னாரில் ஆருக்கும் சொந்தமில்லாத கழுதைகள் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. அவற்றுக்கு மூப்பரின் அறிவித்தல் கேட்கவில்லை. சிவப்புக் கட்டைகளுக்கிடையே மேய்ந்தன, சண்டை பிடித்தன. ஒரு பெட்டை, குட்டியைப் பக்கத்தில் விட்டுவிட்டு முதுகு தேய்த்து நாலு காலும் வானத்தில் ஆட உருண்டது. ஒன்றும் வெடிக்கவில்லை. அடுத்த நாளும் வெடிக்கவில்லை. அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதமும் வெடிக்கவில்லை.

"என்ன தங்கச்சி, கழுதையைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்றார் முனவ்வர், பவுசர்க் குழாயைத் திருகியபடி.

"இல்லை முனவ்வர் நானா. ஒரு கழுதைகூடச் சாகேல்லையே எண்டு பாக்கிறன்."

அவர் காணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர் அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "அல்லாஹ்வே, நீங்கள் இதை வெடியெண்டா நினைச்சீங்கள்? நான் தண்ணிக் குழாயில ஏதோ பிழையாக்கும் எண்டு இருந்தனே. மகள் ஷிஹானா சொன்னவள். மன்னார்ல இப்ப வழக்குப் பேசுறாள்தானே, சட்டத்தரணி. வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு மண் தேடுதாம். கறுப்பு மண். இல்மனைட். பெயின்றுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் போடுறதாம். தீவு முழுக்கத் துளை போட்டுப் பாக்கிறாங்களாம்."

வாளி நிரம்பி வழிந்தது. யசிந்தா கவனிக்கவில்லை.

ஊருக்கு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த கிழமை கொம்பனியே கோயில் மண்டபத்துக்கு வந்தது. கொம்பனி என்றால் யசோதரன், வவுனியாப் பெடியன், இஸ்திரி போட்ட சேட்டு, பணிவான பேச்சு. கொம்பனிக்கும் ஊருக்கும் இடையில் பேசுவதற்காக வைத்த ஆள். எல்லாருக்கும் தேத்தண்ணியும் தொப்பியும் கொடுத்தான். சுவரில் வெள்ளைச் சீலை கட்டிப் படம் காட்டினான். ட்ரோனால் மேலேயிருந்து எடுத்த படங்கள். பனைகள் பச்சைப் புள்ளிகளாக, துரவு ஒரு கண்ணாடித் துண்டு போல. மாசியில் எடுத்தது, பங்குனியில் எடுத்தது, சித்திரையில் எடுத்தது.

"பாருங்கோ, மூண்டு மாசமும் ஒரு மனிசரும் இல்லை. அதனால அடுத்த கட்ட அனுமதிக்கு இதை ஒருத்தரும் புழங்காத, பாவனையில்லாத நிலம் எண்டு கேட்டிருக்கிறம். ஒருத்தருக்கும் பாதிப்பில்லை."

மண்டபத்தில் எல்லாக் கதிரைகளும் ஒன்றாகக் கிரீச்சிட்டன.

"நீங்கள் சிவப்புக் கட்டை நட்டா நாங்கள் எப்பிடிப் போறது?" என்று எழும்பினார் மூப்பர்.

"அது அளவைக் கட்டை ஐயா. சிவப்பு தூரத்தில தெரியும், அவ்வளவுதான்."

"மிதிவெடி இல்லையோ?"

யசோதரன் உண்மையிலேயே திகைத்தான். "மிதிவெடியோ? ஆர் சொன்னது?"

எல்லாத் தலைகளும் யசிந்தாவின் பக்கம் திரும்பின. யசிந்தா தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் கொதித்தது. முன்வரிசையில் இருந்த அருளம்மா, பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்கு வேலி கட்டாதவள், கேட்கும்படியாகவே சொன்னாள். "மூண்டு மாசம் பவுசருக்குப் பின்னால ஓடினம். நல்லாப் பாத்துச் சொன்னாய் பிள்ளை."

அவமானம் சுட்டது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று அசைந்தது. யசிந்தா எழும்பினாள்.

"தம்பி, கட்டை வெடிக்கு நட்டதில்லை. சரி. ஆனா அந்தக் காவலரணைச் சுத்தி வெடி இல்லையெண்டு ஆர் பாத்தது?"

"எங்கட ஆக்கள் நடந்தவை அக்கா."

"முழுக்க நடந்தவையோ, கட்டைக்கும் கட்டைக்கும் இடையில மட்டுமோ?"

அவன் சீலையில் இருந்த படத்தைப் பார்த்தான், பதில் அங்கே இருக்கும் என்பதுபோல.

கூட்டத்துக்கு முனவ்வரின் மகள் ஷிஹானாவும் வந்திருந்தாள். வெளியே வேம்பின் கீழ் நின்று சனத்துக்கு விளங்கும்படி சொன்னாள்: நாளைக்குக் காலை அரச அதிகாரிகள் காணி பார்க்க வருகிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டதுதான் அறிக்கையில் ஏறும். அங்கே சனம் தண்ணி அள்ளினால் பாவனையில் உள்ள நிலம், வெறுமையாகக் கிடந்தால் வெறும் நிலம். "அதுக்குப் பிறகு நான் எந்த நீதிமன்றத்தில நிண்டு கத்தினாலும், நீங்களே போகாத இடத்துக்கு என்ன வழக்கு எண்டுதான் கேப்பினம்."

"அப்ப எல்லாருமாப் போவம்," என்றார் மூப்பர்.

ஒருவரும் அசையவில்லை. வெடி இருக்கிறதா என்ற கேள்வியை யசிந்தாவே மண்டபத்தில் எழுப்பிவிட்டாள். இப்போது அதை ஆராலும் திரும்ப எடுக்கமுடியவில்லை.

"அவள் முன்னால போகட்டும்," என்றாள் அருளம்மா. "அவள் போனா நான் போறன். அவள் கட்டின வேலி, அவளே பிரிக்கட்டும்."

வீட்டில் மில்ரன் வலையை மடித்து வைத்துவிட்டு வந்தான். "நான் போறன். கழுதை போற இடத்துக்கு நான் போகக்கூடாதோ?"

"கழுதைக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை."

"எனக்கு இருக்கெண்டு இப்பதான் ஞாபகம் வந்ததோ? காலமை முழுக்க என்னோட ஒரு சொல் பேசேல்லை நீ."

அவள் சிரிக்க முயன்றாள். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. "உங்களுக்குப் பாக்கத் தெரியாது. வெடிக் கம்பி காலில தட்டினாலும் கொடியெண்டு இழுப்பியள். நான்தான் போகவேணும்." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விடிந்து வெயில் ஏறும்போது ஊர் ரோட்டோரத்தில் வாளிகளோடு நின்றது. திருவிழாவுக்கு நிற்பதுபோல நின்றார்கள், ஆனால் ஆரும் பேசவில்லை.

கவசம் இல்லை, கண்ணாடித் தட்டி இல்லை, கருவி இல்லை. அவளிடமிருந்தது ஒரு யோசனை மட்டும். அந்தக் கழுதைகள் எங்கே தண்ணி குடிக்கின்றன? காணியில் துரவை விட்டால் வேறு தண்ணி கிடையாது. அப்படியென்றால் எத்தனையோ குளம்புகள் எத்தனையோ தடவை மிதித்த பாதையொன்று துரவுவரை போகவேண்டும். ரோட்டோரத்தில் சாணி கிடந்த இடத்தைத் தேடினாள். கண்டாள். இரண்டு பனைகளுக்கிடையே மணல் மாவாக மிதிபட்ட ஒரு கோடு, ஒரு மனிதர் நடக்கும் அகலத்துக்கு.

சிலுவை போட்டுக்கொண்டு காலை வைத்தாள்.

இளம்பனை வடலிப் பற்றைகளில் குறுக்கே கம்பி தெரிகிறதா என்று பார்த்தாள். ஒரு அடி. மணலின் நிறம் மாறுகிறதா? இன்னொரு அடி. காற்றில் காவோலை சரசரத்தபோது தூக்கிய காலை இறக்காமல் நின்றாள். சிவப்புக் கட்டை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. அது வெறும் அளவைக் கட்டை என்று மூளை சொன்னது. உடம்பு கேட்கவில்லை. பத்து வருடம் அந்த நிறத்துக்கு வெளியே நிற்கப் பழகிய உடம்பு அது. பின்னாலிருந்து யாரோ செபமாலை சொல்லும் முணுமுணுப்பு வந்தது. அவளுக்குச் சிவராணியின் பாட்டு ஞாபகம் வந்தது. அந்தச் செபம் நடுவில் நின்றுவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

நடுக்காணியில் இடது காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் போனது.

தொடைவரை இறங்கிவிட்டாள். அலறவில்லை, அலற மூச்சு இருக்கவில்லை. இரண்டு கையும் மணலில் ஊன்றியபடி அசையாமல் இருந்தாள். காலை எடுத்தால் வெடிக்கும் என்பதெல்லாம் சினிமாக் கதை. மிதிவெடி மிதித்த உடனேயே வெடித்துவிடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் காலை எடுக்க மனம் வரவில்லை. வெயில் முதுகில் ஏறியது. றொஷேலின் முகத்தை நினைக்க முயன்றாள். காலையில் தலை இழுத்துக் கட்டியபோது பார்த்த பின்கழுத்து மட்டும்தான் நினைவில் வந்தது.

"யசிந்தா!" மில்ரனின் குரல். "நான் வாறன்!"

"வரவேண்டாம்! ஒருத்தரும் வரவேண்டாம்!"

கத்தியதும் உயிர் திரும்பியது. பாதத்தில் ஈரம் தெரிந்தது. கையை மெதுவாக இறக்கி ஓரத்தைத் தடவினாள். வட்டம். இயந்திரம் போட்ட சுத்தமான வட்டம். மேலே உரப்பை ஒன்றைப் போட்டு மணல் தூவி மூடியிருக்கிறார்கள், அது கிழிந்திருக்கிறது. கொம்பனி மண் பார்க்கப் போட்ட துளை. ஒவ்வொரு கட்டையடியிலும் ஒன்று போட்டிருப்பார்கள். கழுதைகள் விளிம்பை மோந்து விலகிப்போன அடையாளம் பக்கத்திலேயே வளைந்து கிடந்தது. பயத்தில் கட்டையைப் பார்த்தபடி நடந்ததில் அந்த வளைவைக் காணவில்லை.

காலை உருவி எடுத்தாள். கால் விரலில் ஒட்டியிருந்த தண்ணியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கடல் உப்பு.

அவள் அப்படியே குந்தி இருந்தாள். ஊர் தலைமுறையாக இடுப்பளவோடு நிறுத்திய இடத்தில் இவர்கள் எத்தனை ஆள் ஆழத்துக்குப் போனார்கள்? சிவப்புத் தலைகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. வெடிக்குப் பயந்தபோது எங்கே பார்ப்பது, என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. இந்தப் பயத்துக்கு அவள் எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை.

எழும்பித் துரவுவரை நடந்தாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். நல்லதண்ணி. நாக்கின் ஓரத்தில் மட்டும் ஏதோ இருந்ததுபோலப் பட்டது. துளையில் தொட்ட உப்பா, துரவில் ஏறிய உப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. மறுபடி குடித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வாங்கோ!" என்று கத்தினாள். "என்ர காலடியில மட்டும் மிதிச்சு வாங்கோ. நடுவில துளை கிடக்கு, சுத்தி வாங்கோ!"

ஊர் ஒற்றை வரிசையில் வந்தது. மில்ரன் முன்னால், அவனுக்குப் பின்னால் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி அருளம்மா. "மாதாவே, நாலு கால் இருந்தா நானும் பயப்பிடமாட்டன்," என்று புறுபுறுத்துக்கொண்டே வந்தாள்.

அதிகாரிகளின் வாகனம் வந்தபோது துரவைச் சுற்றி வாளிகள் நிறைந்திருந்தன. யசோதரன் வேர்க்க வேர்க்க ஓடிவந்தான். கூடப் பொலிஸ் சார்ஜன்ற் ஒருவரும் வந்தார்.

"இது பாதுகாப்புக்காகத் தடைசெய்த இடம்! ஆர் உங்களை விட்டது?"

"ஆரின்ர பாதுகாப்புக்கு தம்பி?" என்றாள் அருளம்மா. "எங்களுக்கோ, உங்கட துளைக்கோ?"

மூத்த அதிகாரி கையை உயர்த்தினார். களைத்த முகம், ஆனால் கேட்கத் தெரிந்த மனிதர். துரவின் ஓரத்தில் காலாகாலமாக வாளி உரசித் தேய்ந்த பனங்குற்றியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது உங்கட தண்ணியெண்டா, மூண்டு மாசம் ஏன் ஒருத்தரும் வரேல்லை? ஆராவது ஒராள் விளக்கமாச் சொல்லவேணும். பேரோட எழுதவேணும்."

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்னே நகர்ந்தார்கள். பேர் என்ற சொல்தான் காரணம். அந்தக் கரையில் போர்க்காலத்தில் பேர் கொடுத்தவர்களைத் தேடி யார் யார் வந்தார்கள், கொடுத்தவர்கள் சிலர் எங்கே போனார்கள் என்பது நாற்பது வயது தாண்டிய எல்லாருக்கும் தெரியும். ஷிஹானா யசிந்தாவின் அருகே வந்து மெல்லச் சொன்னாள். "அக்கா, கொம்பனியின்ர நாட்டிலயும் ஒரு முறைப்பாட்டு அலுவலகம் இருக்கு. தங்கட கொம்பனி வெளியில போய்ச் செய்யிறதைப் பற்றி அங்க கேக்கலாம். அங்கயும் இதேதான் கேப்பினம். பாதிக்கப்பட்ட ஆள் ஆர், பேர் என்ன எண்டு. பேரில்லாமல் ஒண்டும் அசையாது. நான் வற்புறுத்தமாட்டன்."

யசிந்தா மில்ரனைப் பார்த்தாள். அவன் தலையை இல்லை என்று அசைத்தான், மிகச் சிறிதாக.

"கட்டை சிவப்பாயிருந்தது ஐயா," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எங்களுக்குச் சிவப்பெண்டா வெடி. நான் அந்த வேலை செய்தனான். நான்தான் ஒருத்தரும் போகவேண்டாம் எண்டனான். நட முதல் எங்களிட்ட ஒரு சொல் கேட்டிருந்தா, வேற நிறம் பூசுங்கோ எண்டு சொல்லியிருப்பம். ஒருத்தரும் கேக்கேல்லை."

"உலகம் முழுக்க நாங்கள் இந்த நிறம்தான் பாவிக்கிறம்," என்றான் யசோதரன். சொல்லி முடித்தபிறகு அவன் முகமே சுருங்கியது.

அதிகாரி எழுதினார். ஷிஹானா எழுதினாள். சார்ஜன்றும் தன் பொக்கற்றிலிருந்து புத்தகத்தை எடுத்தார். "நங்கி, பேர் என்ன? ஐ.டி. இருக்கா? வீடு எங்க?" நங்கி என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துக் கேட்ட, பகையில்லாத குரல்தான். ஆனால் ஒரே காலையில் அவள் பெயர் மூன்று இடத்தில் ஏறியது. மூன்றாவது புத்தகம் மூடிப் பொக்கற்றுக்குள் போகும்வரை அவள் அதையே பார்த்தாள்.

விசாரணை முடியும்வரை புதிதாகத் துளை போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஊர் மகிழ்ச்சியில் சீனவெடி கொளுத்தியது. அந்தச் சத்தத்துக்கு யசிந்தா கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

இரண்டு நாள் கழித்து, மில்ரன் கடலில் இருந்த பின்னேரம், மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தார்கள். சாதாரண உடை. எந்த அரச கந்தோரின் ஆட்கள் என்று சொல்லவில்லை. கதிரை போட்டாள், இருந்தார்கள். தண்ணி கேட்டார்கள், கொடுத்தாள்.

"நல்ல தண்ணி," என்றான் ஒருவன். "அந்தக் கிணத்துத் தண்ணியா?"

"ஓம்."

"யாரு சொல்லி உள்ள போனது? வெளிநாட்டுல இருந்து யாராவது பேசுறாங்களா?"

"வெளிநாட்டில இருந்து வந்தது கொம்பனிதான். என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை."

அவன் சிரித்தான். மற்றவன் எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தான். சீருடையில் றொஷேல்.

"மகளா? எந்த ஸ்கூல்?"

யசிந்தா சொல்லவில்லை. அவன் சீருடைச் சின்னத்தைப் பெருவிரலால் துடைத்தான். வாசித்தான். படத்தை இருந்த இடத்திலேயே கவனமாக வைத்தான். "நல்லாப் படிக்கட்டும்," என்றான். போய்விட்டார்கள்.

மில்ரன் வந்து நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த மீன்கூடையை நிலத்தில் போட்டான். "முறைப்பாட்டில இருந்து பேரை எடு. இப்பவே ஷிஹானாவுக்கு போன் போடு. தண்ணி பவுசரில வரும், பிள்ளை வராது."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவள் போன் போட்டாள். ஷிஹானா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "எடுக்கலாம் அக்கா. நாளைக்குத்தான் முறைப்பாட்டை அந்த நாட்டுக்கு அனுப்பப்போறன். ஆரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம். ஆனா உங்கட பேர் போனா, சிவப்புக் கட்டைக் கதையும் போகும். அதைச் சொல்ல வேற ஆள் இல்லை. மிச்சமிருக்கிறது ட்ரோன் படம்தான்."

அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் அருளம்மாவின் தலை தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"என்ன, பேரை எடுக்கப்போறியோ?"

"தெரியேல்லை அக்கா."

"எடுக்கிறதெண்டா எடு. நான் ஒண்டும் சொல்லன். உன்ர நிலையில நானெண்டா கடல் தாண்டி ஓடியிருப்பன்." மூக்கை உறிஞ்சினாள். "எடுக்கேல்லையெண்டா என்ர பேரையும் அதுக்குக் கீழ போடச் சொல்லு. ஒருத்தியைத் தேடி வாறது லேசு. எனக்கும் பயம்தான், இப்பவே வயித்தால போகுது. அதைச் சொல்லிச் சிரிக்காத."

யசிந்தா சிரிக்கவில்லை. போன் இன்னும் காதில் இருந்தது.

"ஷிஹானா, இருக்கட்டும். அருளம்மாக்காவின்ர பேரையும் போடுங்கோ. மற்றாக்களிட்டயும் கேக்கிறன். மகளைப் பற்றி மட்டும் எங்கயும் ஒரு சொல் வரக்கூடாது."

மில்ரன் கூடையை வெடுக்கெனத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். ஆனால் மறுநாள் விடிய, கடலுக்குப் போகவேண்டிய மனிதன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். "பிள்ளையை நான் கொண்டுபோய் விடுறன். பின்னேரமும் நானே கூட்டிவாறன்."

"நான் என்ன, சின்னப்பிள்ளையோ?" என்று சிணுங்கினாள் றொஷேல். "பெட்டையள் சிரிப்பாளவை."

"சிரிக்கட்டும்," என்றான் அவன். "ஏறு."

அவர்கள் ஒழுங்கை திரும்பும்வரை யசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாளியை எடுத்தாள். ஒருநாள் போகாவிட்டாலும் மேலேயிருந்து வெறும் காணியாகப் படம் எடுத்துவிடுவார்கள். ரோட்டுக்கு வந்தபோது எதிரே வேம்பின் நிழலில் அதே மோட்டார் சைக்கிள் நின்றது. ஒருவன்தான் இருந்தான். போனைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தான், தெரிந்தவருக்கு அசைப்பதுபோல.

அவளுக்குக் கால் கூசியது. காணிக்குப் போகும் பாதை அவனைத் தாண்டித்தான் இருக்கிறது.

"அருளம்மாக்கா!" என்று வேலிப்பக்கம் கூப்பிட்டாள். "வாளியை எடுங்கோ, போவம்."

"இந்தா, வாறன். செருப்பைக் காணேல்லை!"

அந்தச் செருப்பு கிடைக்கும்வரை யசிந்தா ரோட்டில் தனியே நின்றாள், வாளிப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கியபடி.